தியோடர் ஹோவார்ட் சோமர்வெல்

தியோடர் ஹோவார்ட் சோமர்வெல் (ஏப்ரல் 16, 1890 - ஜனவரி 23, 1975) இங்கிலாந்தில் பிறந்த அறுவை மருத்துவர், மலையேற்ற வீரர், ஓவியர், இசை ஆர்வலர் ஆவார். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிச் சென்ற பிரித்தானியக் குழுக்களில் இடம்பெற்றவர். உலகம் இவரை மலையேற்ற வீரராக அறிந்திருந்தாலும், இவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை அன்றைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கலுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள நெய்யூர் மருத்துவமனையிலேயே செலவிட்டார். பலவகை மக்களும் ஒன்றாகப் பணியாற்றும் ஒரு நிறுவனத்தை வழிநடத்தியவர் என்ற வகையில் இவருடைய வாழ்க்கை குறிப்பிடத்தக்கது.

இளமையும் கல்வியும்

சோமர்வெல் இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கெண்டல் நகரில் பிறந்தார். இவருடைய குடும்பத்தினர் அந்நகரில் காலணித் தொழிற்சாலை ஒன்றை நடத்திவந்தனர். ரக்பி பள்ளியில் படித்தபின், கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் கான்வில் அண்டு கீஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் பயின்று முதல் வகுப்பில் தேர்ச்சி பெற்றார். பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவப் பயிற்சி பெற்றார். குடும்பத் தொழிலில் இவர் ஈடுபடவில்லை.

முதல் உலகப் போர்

முதல் உலகப் போரில் சோமர்வெல் பிரித்தானிய இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். 1916 ஜூலை 1 அன்று சோம் போர் தொடங்கியது. அந்த ஒரே நாளில் பிரித்தானியப் படையில் 57,000க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ காணாமற்போயோ இருந்தனர். சோமர்வெல் பணிபுரிந்த மருத்துவ முகாமின் கூடாரங்கள் நிரம்பி, காயமுற்றவர்கள் வெளியே திறந்த வெளியில் கிடத்தப்பட்டனர். அறுவைப் பணிக்கு இடையே கிடைத்த சிறு ஓய்வில் அவர்களிடையே நடந்து சென்றபோது, மற்றவர்களுக்கு முன்பாகத் தனக்குச் சிகிச்சை அளிக்கவேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதைச் சோமர்வெல் கண்டார். இந்நிகழ்வு தம்மை ஆழமாகப் பாதித்ததாகப் பின்னாளில் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

1922 எவரெஸ்ட் பயணம்

1922 மே 21 அன்று சோமர்வெல், ஜார்ஜ் மலோரி, எட்வர்டு நார்ட்டன் ஆகிய மூவரும் செயற்கை உயிர்வளி (ஆக்சிஜன்) இன்றி 8,225 மீட்டர் உயரத்தை அடைந்தனர். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு உயரத்திற்குச் சென்றதில்லை.

அப்பயணம் பெருந்துயரில் முடிந்தது. ஜூன் 7 அன்று சோமர்வெல், மலோரி, காலின் கிராஃபர்டு ஆகியோர் 14 சுமைதூக்கும் தொழிலாளர்களுடன் வடக்குக் கணவாயை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது பனிச்சரிவு ஏற்பட்டது. கயிற்றின் பின்பகுதியில் வந்த ஒன்பது தொழிலாளர்கள் பனிப்பாறை விளிம்புக்கு அப்பால் தள்ளப்பட்டனர். அவர்களுள் எழுவர் இறந்தனர். பிரித்தானியர் எவருக்கும் உயிரிழப்பு இல்லை.

ஏறலாம் என்று முடிவு செய்தவர்கள் பிரித்தானியர். இறந்தவர்களோ அம்முடிவில் பங்கில்லாத தொழிலாளர்கள். இந்த வேறுபாடு சோமர்வெல்லை வாட்டியது. தங்களுள் ஒருவரும் அவர்களோடு இறந்திருந்தால், ஆபத்தைச் சமமாகவே பகிர்ந்துகொண்டோம் என்பதாவது எஞ்சிய தொழிலாளர்களுக்குத் தெரிந்திருக்கும் என அவர் எண்ணினார். 1924இல் ஷாமொனியில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் போட்டியின்போது 1922 குழுவினருக்கு மலையேற்றத்துக்கான பதக்கங்கள் வழங்கப்பட்டன. இறந்த எழுவரும் அப்பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

நெய்யூர் மருத்துவமனையின் பின்னணி

நெய்யூரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவரால் தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் அவர் விலகியதும் பணி நின்றுபோனது. 1850களின் தொடக்கத்தில் வந்த சார்லசு லீச் 1854இல் கடலில் மூழ்கி இறந்ததால் மீண்டும் தடைப்பட்டது. ஒரே மருத்துவரை நம்பியிருந்த நிறுவனம், அவர் இல்லாதபோது செயலிழந்தது.

1861இல் வந்த ஜான் லோ இக்குறையைப் போக்க வழி கண்டார். உள்ளூர் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்கு மருத்துவ வகுப்பு நடத்தினார். பயிற்சி பெற்றவர்கள் கிளை மருந்தகங்களின் பொறுப்பை ஏற்றனர். தலைமை மருத்துவர்கள் மாறினாலும் பணி தொடர்வதற்கு இது அடித்தளமாயிற்று.

அக்காலத் திருவிதாங்கூரில் சாதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்தன. தோள்சீலைப் போராட்டம் 1859 வரை நீடித்தது. கோயில் நுழைவு அறிக்கை 1936 நவம்பர் 12 அன்றுதான் வெளியிடப்பட்டது. இச்சூழலில் எல்லாச் சாதியினரும் ஒரே கூரையின் கீழ்ச் சிகிச்சைக்குக் காத்திருந்த இடமாகவும், ஒடுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து வந்தோர் மருத்துவப் பணியாளராக உயரக்கூடிய இடமாகவும் நெய்யூர் மருத்துவமனை விளங்கியது.

நெய்யூருக்கு வருதல்

1922 பயணத்துக்குப் பின் சோமர்வெல் இந்தியாவைச் சுற்றிப்பார்த்தார். அப்பயணத்தின் இறுதியில் நெய்யூருக்கு வந்தார். அங்கு மருத்துவர் ஸ்டீபன் பியூ அளவுக்கு மீறிய நோயாளர் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். சோமர்வெல் சில நாட்கள் அறுவை சிகிச்சைகளில் உதவினார். தேவையின் அளவையும் மருத்துவர்களின் பற்றாக்குறையையும் நேரில் கண்டதும், இலண்டனில் தமக்கிருந்த வாய்ப்புகளைத் துறந்து நெய்யூரில் பணியாற்ற முடிவெடுத்தார். 1923இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவராக நெய்யூரில் பொறுப்பேற்றார். 1925இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சன் என்பவரை மணந்தார். இவர்களுக்கு மூன்று மகன்கள்.

1924 மீட்பு

நெய்யூரிலிருந்து விடுப்புப் பெற்று 1924 எவரெஸ்ட் குழுவில் சோமர்வெல் இணைந்தார். மே மாத இறுதியில், கடும் பனிப்பொழிவுக்கிடையே நான்கு தொழிலாளர்கள் வடக்குக் கணவாய் முகாமில் சிக்கிக்கொண்டனர். குழுத் தலைவராயிருந்த நார்ட்டன், மலோரி, சோமர்வெல் ஆகிய மூவரும் அவர்களை மீட்க ஏறினர். மூவரும் அப்போது இருமலாலும் களைப்பாலும் தளர்ந்திருந்தனர். உச்சியை அடைவதற்கான வலிமையை இம்முயற்சி குறைத்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆபத்தான சரிவைக் குறுக்கே கடக்கும் பணியைச் சோமர்வெல் ஏற்றார். கயிறு போதவில்லை. எஞ்சிய சில கெச தூரத்தைத் தொழிலாளர்கள் கயிறின்றிக் கடக்கவேண்டியிருந்தது. இருவர் சறுக்கிச் சற்றுக் கீழே நின்றனர். சோமர்வெல் தம் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்து, பனிக்கோடரியை ஊன்றி அதில் கயிற்றைச் சுற்றி, அதன் நுனியை ஒரு கையால் பற்றியபடி மறு கையை நீட்டி அவர்களை இழுத்தார். நால்வரும் உயிருடன் கீழே கொண்டுவரப்பட்டனர்.

சில நாட்களுக்குப் பின் நோர்பு யிஷாங், லக்பா செடி, செம்சும்பி ஆகிய மூன்று தொழிலாளர்கள் ஏறத்தாழ 8,170 மீட்டர் உயரத்தில் அமைந்த ஆறாம் முகாமுக்குச் சுமைகளைக் கொண்டுசேர்த்தனர். அவர்களின் உழைப்பினாலேயே ஜூன் 4 அன்று நார்ட்டன் 8,573 மீட்டர் உயரம் வரை செல்ல முடிந்தது. சோமர்வெல் தொண்டைக் கோளாறினால் சற்று முன்னரே நின்றார். இறங்கும்போது தொண்டையில் அடைப்பு ஏற்பட்டு உயிர் பிழைப்பதே அரிதாயிற்று. தம் மார்பைத் தாமே அழுத்தி அவ்வடைப்பை வெளியேற்றினார். இதன்பின் மலோரி தம் இறுதி முயற்சிக்குப் புறப்பட்டபோது சோமர்வெல்லின் ஒளிப்படக் கருவியை உடன் கொண்டுசென்றார். மலோரியின் உடல் 1999இல் கண்டெடுக்கப்பட்டபோது அக்கருவி அங்கு இல்லை.

நெய்யூரில் மருத்துவப் பணி

சோமர்வெல் நெய்யூரில் இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றினார். கருங்கல், குளச்சல், திங்கள்நகர் முதலிய சுற்றூர்களிலிருந்து மட்டுமன்றித் திருவிதாங்கூரின் பிற பகுதிகளிலிருந்தும் நோயாளர்கள் வந்தனர். மார்த்தாண்டம், குண்டறை உள்ளிட்ட இடங்களில் கிளை மருத்துவமனைகள் இயங்கின. தொழுநோயாளருக்கான சிகிச்சையும் நடைபெற்றது.

இப்பகுதியில் முன்சிறுகுடல் புண், இரைப்பைப் புண் ஆகிய நோய்கள் மிகுதியாகக் காணப்பட்டன. மரவள்ளிக்கிழங்கை முதன்மையாகக் கொண்ட ஏழை மக்களின் உணவுமுறைக்கும் இந்நோய்களுக்கும் உள்ள தொடர்பைச் சோமர்வெல் ஆராய்ந்தார். உடன் பணியாற்றிய மருத்துவர் இயன் ஓருடன் சேர்ந்து, 2,500 அறுவை சிகிச்சைகளை அடிப்படையாகக் கொண்ட ஆய்வுக் கட்டுரையை 1936இல் பிரித்தானிய அறுவை மருத்துவ இதழில் வெளியிட்டார். வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லுவோரிடம் காணப்பட்ட வாய்ப்புற்றுநோயும் நெய்யூரில் ஆராயப்பட்டது. இது குறித்த ஓரின் கட்டுரை 1933இல் வெளிவந்தது. வாய்ப்புற்றுநோய்க்கு ரேடியம் கொண்டும் அங்குச் சிகிச்சையளிக்கப்பட்டது.

நிருவாகமும் பணியிடப் பண்பாடும்

இத்தனை அறுவை சிகிச்சைகள் ஒருவர் கைத்திறனால் மட்டும் நடப்பவை அல்ல. நோயாளரை ஆயத்தப்படுத்துவோர், மயக்கமருந்து கொடுப்போர், கருவிகளைத் தூய்மை செய்வோர், இரவில் கண்விழித்துக் கவனிப்போர், நோயாளரின் உறவினருக்கு அவர்கள் மொழியில் எடுத்துச் சொல்வோர் எனப் பலரும் பொறுப்புடன் செயல்பட்டாலன்றி நோயாளர் பிழைக்க இயலாது. கிளை மருத்துவமனைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எந்த நோயாளருக்கு அங்கேயே சிகிச்சை அளிப்பது, எவரை நெய்யூருக்கு அனுப்புவது என்பதை அங்கிருந்த இந்திய மருத்துவரே முடிவு செய்யவேண்டியிருந்தது. அம்முடிவின்மீது தலைமை மருத்துவர் நம்பிக்கை வைக்காவிட்டால் கிளைகளால் பயனில்லை.

சோமர்வெல்லின் தலைமையில் மூன்று கூறுகளைக் காணலாம். முதலாவது, கடினமான பணியில் தாமும் நேரடியாக ஈடுபடுதல். நிருவாகப் பொறுப்பில் இருந்தபோதும் அவர் அறுவைக் கூடத்தை விட்டு விலகவில்லை. இரண்டாவது, நீண்டகாலம் உடனிருத்தல். புகழ்பெற்ற மலையேற்ற வீரராக இங்கிலாந்தில் வாழ வாய்ப்பிருந்தும் நெய்யூரிலேயே தங்கினார். மூன்றாவது, தம் திறனைப் பிறருக்குக் கற்றுக்கொடுத்தல். 1922இல் இழந்த எழுவரும், 1924இல் மீட்ட நால்வரும் அவருடைய இந்த அணுகுமுறையைப் புரிந்துகொள்ள உதவுகின்றனர். பணியின் ஆபத்தும் சுமையும் கீழ்நிலையில் இருப்போர்மீது மட்டும் விழக்கூடாது என்பதை அவர் மலையில் கற்றிருந்தார்.

எனினும் இம்மருத்துவமனையின் அமைப்பு தன் காலத்தின் குறைகளிலிருந்து விடுபட்டதாக இல்லை. தொடங்கிய காலம் முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தலைமைப் பதவி ஐரோப்பிய மருத்துவர்களிடமே இருந்தது. இந்திய மருத்துவர்கள் கிளைகளை நடத்தும் அளவுக்குத் தகுதி பெற்றிருந்தும் பெரும்பாலும் உதவியாளர் நிலையிலேயே வைக்கப்பட்டனர். தலைமை இந்தியர் கைக்கு வந்தது பிற்காலத்தில்தான். உழைப்பில் சமபங்கு கிடைத்த அளவுக்கு அதிகாரத்தில் சமபங்கு விரைவாகக் கிடைக்கவில்லை.

வேலூரில் ஆசிரியப் பணி

சோமர்வெல் 1940களின் இறுதியில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவப் பேராசிரியர் குழுவில் சேர்ந்தார். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய அந்நிறுவனம், 1942இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. இந்திய மருத்துவமனைகளை இந்திய அறுவை மருத்துவர்களே வழிநடத்தும் காலம் வந்துவிட்டிருந்த நிலையில், அவர்களை உருவாக்கும் பணியில் இவர் ஈடுபட்டார். 1961இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

நூல்களும் கலைப் பணிகளும்

சோமர்வெல் தம் மலையேற்ற, மருத்துவ அனுபவங்களை 'எவரெஸ்டுக்குப் பின்' என்ற பொருள்படும் ஆங்கில நூலாக 1936இல் வெளியிட்டார். நெய்யூரின் அறுவை மருத்துவப் பணியை விவரிக்கும் மற்றொரு நூல் 1940இல் வெளிவந்தது. இமயமலைக் காட்சிகளை ஓவியங்களாகத் தீட்டினார். திபெத்திய மெட்டுகளைக் கேட்டு இசைக்குறிப்புகளாக எழுதினார். 1924 பயணம் குறித்த திரைப்படத்தின் இசைக்கு அவை பயன்பட்டன.

சிறப்புகளும் மறைவும்

1938இல் கைசர்-இ-ஹிந்த் பதக்கமும், 1953இல் பிரித்தானியப் பேரரசின் ஓ.பி.ஈ. விருதும் பெற்றார். 1962 முதல் 1965 வரை இலண்டன் ஆல்பைன் மலையேற்றக் கழகத்தின் தலைவராக இருந்தார். 1975 ஜனவரி 23 அன்று இங்கிலாந்தின் ஆம்பிள்சைடு நகரில் காலமானார்.

நினைவு

நெய்யூர் மருத்துவமனை பின்னர்த் தென்னிந்தியத் திருச்சபையின் நிருவாகத்தின்கீழ் வந்தது. கேரள மாநிலம் திருவனந்தபுரம் மாவட்டத்தின் காரக்கோணத்தில் 2002இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவக் கல்லூரி சோமர்வெல்லின் பெயரைத் தாங்கியுள்ளது. ராம்சேயும் லீச்சும் பிரிந்தபோது நின்றுபோன நெய்யூரின் மருத்துவப் பணி, சோமர்வெல் சென்றபின்னும் தொடர்ந்து நடைபெற்றது.