சட்டமேதை சேர் பொன். இராமநாதன்

சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களைக் கொச்சிக்கடைச் சிவன் கோயிலைக் கருங்கல்லால் எழுப்பியவராகவும், யாழ்ப்பாணத்தில் கல்லூரிகள் கண்டவராகவும் நம் இளைஞர் அறிவர். அன்னார் பதினான்கு ஆண்டுகள் அரசாங்கத்தின் சட்ட உத்தியோகத்தில் இருந்தவர். அங்கே பெற்ற அனுபவத்தையே பின்னர் அவ்வரசாங்கத்துக்கு எதிராகப் பயன்படுத்தியவர். இதனை அறிந்தோர் சிலரே.

1851-ம் ஆண்டு ஏப்பிரல் 16-ந் திகதி கொழும்பில், பொன்னம்பல முதலியாரின் புதல்வராகப் பிறந்தார். கொழும்பு அக்கடமியிலும் சென்னை இராசதானிக் கல்லூரியிலும் பயின்றபின், அந்நாளைய தலைமை அரச வழக்கறிஞர் சேர் ரிச்சர்ட் மோர்கனிடம் சட்டம் கற்றார். தாய்மாமனார் சேர் முத்துக்குமாரசுவாமி 1879-ல் காலமாகவே, சட்டநிரூபண சபையில் தமிழர் ஆசனம் மருமகனுக்கு வந்தது. சிதறிக் கிடந்த பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தேடித் திரட்டி அவர் அச்சேற்றிய தொகுதிகள், அவர் பெயராலேயே வழக்குகளில் எடுத்துக்காட்டப்படுவன.

1892-ல் மன்றாடியார் நாயகமானார். சட்டமா அதிபர் பதவியையும் பலமுறை பதிலாக நின்று நடத்தினார். ஆனால் அவ்வாசனம் நிரந்தரமாக அவருக்குக் கிட்டவில்லை. 1906-ல் ஓய்வு பெற்றார். 1911-ல் படித்த இலங்கையருக்கென ஏற்பட்ட ஒரே ஆசனத்துக்குப் போட்டியிட்டு, மார்க்கஸ் பெர்னாந்தோவை வென்றார். சிங்கள வாக்காளரும் பெருந்தொகையினர் அவரையே விரும்பினர்.

1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்ட சிங்கள-முஸ்லிம் கலகம் நம் வடமேல் மாகாணத்துக் குருநாகல்வரை பரவிற்று. ஜூன் 2-ந் திகதி இராணுவச் சட்டம் பிறந்தது. கலகம் சில தினங்களில் அடங்கியும், அச்சட்டம் ஏறக்குறைய மூன்று மாதம் நீடித்தது. விசாரணையின்றிச் சுடப்பட்டோர் பலர். எட்வேர்ட் பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பால் ஜூலை 7-ந் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சாதாரண நீதிமன்றங்கள் திறந்திருக்கையில் போர்வீரர் குடிமக்களை விசாரிப்பது ஏன் என்று இராமநாதன் சபையில் வாதாடினார். அப்போது வயது அறுபத்து நான்கு. மகாயுத்தம் நடக்கையிலேயே கடல் கடந்து இலண்டன் சென்று முறையிட்டார். கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி 1916-ல் அங்கே நூலொன்றும் வெளியிட்டார்.

கடைகள் எரிந்து உறவினரை இழந்த முஸ்லிம்களின் துயரை அவர் போதிய அளவு எடுத்துரைக்கவில்லை என்ற மனக்குறை அச்சமூகத்தாரிடம் இருந்தது. மூவினத்தாரும் அயலவராய் வாழும் புத்தளக் கரையோரத்து நாம் அதனையும் மறைத்தல் தகாது.

அவர் திரும்பி வந்தபோது, சிங்களத் தலைவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, வண்டியைத் தாமே இழுத்துச் சென்று இல்லம் சேர்த்தனர். 1921-ல் சேர் பட்டம் வந்தது. 1930 நவம்பரில் சிவபதம் அடைந்தார்.