தமிழில் உடற்கூறு கற்பித்த வைத்தியர் கிறீன்

வார நாட்களில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் பயின்று, வார இறுதியில் எல்லர்ஸ்லியில் தமிழ் பயிலும் உங்களுக்கு, விஞ்ஞானத்தையே தமிழிற் கற்பித்த ஒருவரின் வரலாற்றைக் கூற விழைகின்றோம். அவர் தமிழராய்ப் பிறந்தவர் அல்லர்.

சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தார். நியூயோர்க்கில் மருத்துவம் கற்று, அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தடைந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியத் தொண்டைத் தொடங்கி, இளைஞர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தையும் கற்பிக்கலானார்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் தேறியோர் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடி ஊரை விட்டகன்றனர். தமிழிற் கற்றவரே தமிழ்க் கிராமங்களில் தங்கி நோய் தீர்ப்பர் எனக் கருதிய கிறீன், 1864 அளவில் தமிழிலேயே மருத்துவம் போதிக்கத் துணிந்தார்.

அதற்கு நூல்கள் வேண்டுமே! தாம் கற்ற தமிழைக் கொண்டும் மாணவர் துணை கொண்டும் நூல்களை மொழிபெயர்த்தார். கலைச்சொல்லை முதலில் தமிழிலே தேடினார். கிடையாவிடின் வடமொழியை நாடினார். அதுவும் இயலாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்றார். இலண்டனில் 1858இல் வெளிவந்த ஹென்றி கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயருடன் தமிழில் வெளிவந்தது. தலைமுடி முதல் பாதம் வரை வருணிக்கும் நம் புலவர்களின் கேசாதிபாத மரபை இப்பெயர் நினைவூட்டுகின்றது.

உடலின் ஒழுங்கை நாமும் தமிழிற் கூறிப் பார்ப்போம். கலங்கள் கூடி இழையமாகின்றன. இழையங்கள் கூடி இருதயம், ஈரல் முதலிய அங்கங்களாகின்றன. அங்கங்கள் கூடிச் சமிபாட்டுத் தொகுதி, சுவாசத் தொகுதி என இயங்குகின்றன. இவற்றையே தமிழகப் பாடநூல்கள் செல், திசு, உறுப்பு, மண்டலம் என்கின்றன. வளர்ந்தவர் உடலில் உள்ள 206 என்புகளுக்கும் தமிழிற் பெயருண்டு.

1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் கிறீன் தமிழ்ப் பணியைக் கைவிடவில்லை. உடற்றொழிலை விளக்கும் மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கும் மேற்பட்டோர். தமிழருக்கு ஊழியஞ் செய்த வைத்தியர் என்பதே தம் கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டுமென அவர் விரும்பினார், அவ்வாறே பொறிக்கப்பட்டது.

இன்று இலங்கையிலும் தமிழகத்திலும் மேலைநாட்டு மருத்துவப் பட்டப்படிப்பு ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. ஆயினும் நோயாளி தம் நோவைத் தாய்மொழியிலேயே உணர்கிறார். ஒக்லாந்து மருத்துவமனையொன்றில் அம்மம்மா தம் நெஞ்சையோ விலாவையோ தொட்டுக் காட்டும்போது, அவர் சொல்வதை வைத்தியருக்கும் வைத்தியர் சொல்வதை அவருக்கும் எடுத்துரைக்க வேண்டியவர் நீங்களே. பெற்றோரே! நுரையீரல், மண்ணீரல், சிறுநீரகம் ஆகிய சொற்களை இன்றே வீட்டிற் சொல்லிக் கொடுங்கள். அவை தேவைப்படும் நாள் முன்னறிவித்து வருவதில்லை.