ஏமி கார்மைக்கேலின் டோனாவூர்: பொதுவாழ்வு சாதியைத் தொட்ட இடம்

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து என்னைத் தேடிவரும் கட்சிக்காரர்களில் ஒரு பகுதியினர் ஆண்டுதோறும் ஒரே சிக்கலோடு வருகின்றனர். பெற்றோரில் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றவர். கல்லூரிக்குச் செல்லவேண்டிய பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் புதுச்சேரிப் பட்டியல் சாதிகள் ஆணை, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணையை அடியொற்றியது. இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைச் சாராத எவரையும் அது பட்டியல் சாதியினராகக் கருதுவதில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லை, ஆகவே கிறிஸ்தவருக்கும் சாதி இல்லை என்ற அனுமானமே அதன் அடித்தளம்.

இவ்வனுமானத்தைப் புதுச்சேரி மண்ணே மறுத்திருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுக்குரிய பகுதி, மாதா கோயிலுக்குள் பறையர்களைத் தனியே பிரித்து நிறுத்த ஒரு சுவர் இருந்ததையும், அம்மக்கள் பாதிரியாரிடம் சென்று நியாயம் கேட்டதையும், சுவர் இடிக்கப்பட்டபோது சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்ததையும் பதிவு செய்கிறது. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் 2008இல் வெடித்த மோதலும் இதே சுவரின் தொடர்ச்சிதான்.

சமயம் மாறினால் சாதி தானாக உதிர்ந்துவிடுவதில்லை. அதை உதிர்க்க வேண்டுமாயின் அடுக்களை, பந்தி, தொட்டில், துடைப்பம் என ஒவ்வொன்றிலும் வாழ்க்கையைத் திட்டமிட்டு மாற்றியமைக்க வேண்டும். தமிழகத்தில் அப்படி மாற்றியமைக்க முயன்ற இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று, திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள டோனாவூர். அதை உருவாக்கிய ஏமி கார்மைக்கேலைப் பக்தி நூல்கள் புனிதராகவே சித்திரிக்கின்றன. நாம் அவரை வேறு கேள்வியோடு அணுக வேண்டியிருக்கிறது.

1867 டிசம்பர் 16 அன்று அயர்லாந்தின் வடபகுதியில் உள்ள மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில், மாவு ஆலை நடத்திய குடும்பத்தில் ஏழு பிள்ளைகளுள் மூத்தவராகப் பிறந்தார். 1885இல் தந்தை இறந்தார். அதே காலத்தில் பெல்ஃபாஸ்ட் நகரின் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் அவருடைய கவனத்தை ஈர்த்தனர். தொப்பி வாங்க வழியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வந்ததால், அப்பெண்களை மரியாதைக்குரிய சபையார் அருவருத்தனர். அவர்களுக்கென 1889இல் ஒரு தகரக் கொட்டகை மண்டபத்தை ஏமி எழுப்பினார். வர்க்க இழிவை அவர் முதலில் கண்டது இந்தியாவில் அன்று, தம் ஊர்த் தேவாலயத்தின் இருக்கை வரிசையில்தான்.

ஜப்பானில் ஓராண்டுக்கு மேல் பணியாற்றி, நோயுற்றுத் திரும்பி, 1895 நவம்பரில் பெங்களூரு வந்தடைந்தார். அதன்பின் ஐம்பத்தைந்து ஆண்டுகள் இந்தியாவை விட்டு அவர் வெளியேறவே இல்லை. திருநெல்வேலிக்கு வந்து, தாமஸ் வாக்கர் என்ற மிஷனரியிடம் தமிழ் கற்றார். பண்ணைவிளையைத் தளமாகக் கொண்டு, சில தமிழ்ப் பெண்களோடு ஊர் ஊராகச் சென்று நற்செய்தி கூறினார். நட்சத்திரக் கூட்டம் என அழைக்கப்பட்ட அக்குழுவில் பொன்னம்மாள் என்ற இளம் கைம்பெண் இருந்தார். டோனாவூரின் வரலாற்றில் ஏமிக்கு இணையாக வைத்துப் பேசப்பட வேண்டியவர் அவர். பொன்னம்மாள் தம் நகைகளைக் கழற்றிவைத்தபோது கிறிஸ்தவ உறவினரிடையே பெரும் சலசலப்பு எழுந்தது. நகை அங்கே அழகுப் பொருள் மட்டுமன்று. குடும்பத்தின் தகுதியையும் சாதியின் படிநிலையையும் கழுத்தில் தொங்கவிட்டுக் காட்டும் அடையாளம். யார் நகை அணியலாம், யார் அணியக் கூடாது என்பதற்காகவே இந்நாட்டில் எத்தனை சேரிகள் எரிந்திருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு அச்செயலின் கனம் புரியும்.

1901 மார்ச்சில் பெருங்குளம் கோயிலைச் சார்ந்த பெண்களின் வீட்டிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்தாள். பிரீனா என்ற பெயரால் பின்னர் அறியப்பட்ட அவள், அதற்கு முன்பே ஒருமுறை தப்பித் தூத்துக்குடியிலிருந்த தாயிடம் ஓடியவள். திருப்பிக் கொண்டுசெல்லப்பட்டுக் கைகளில் சூடு வைக்கப்பட்டவள். பொட்டுக்கட்டும் வழக்கத்தின் உள்ளே குழந்தைகளுக்கு நிகழ்வதை ஏமி அவள் வாய்வழியாகவே அறிந்தார். தேவதாசி மரபின் கலையையும், பெண்வழிச் சொத்துரிமையையும் இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுகின்றனர். ஏமிக்கு அவை கண்ணில் படவில்லை என்ற விமர்சனமும் நியாயமானதே. ஆயினும் அந்த ஆய்வுகளை வாசிக்கும்போதெல்லாம் அச்சிறுமியின் கைகள் என் நினைவுக்கு வருகின்றன. நம் காலத்திலும் திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்களில் அருந்ததியர் சிறுமியர் மாத்தம்மாவாக நேர்ந்துவிடப்படுவதை எதிர்த்துப் போராட வேண்டியிருக்கிறது.

அதே ஆண்டில் ஏமி டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். அவ்வூரின் பெயர் டோனா என்ற பிரஷ்யப் பிரபுவின் நன்கொடையை நினைவூட்டுவது. ரேனியஸ் பாதிரியார் காலத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு. 1799இல் தோன்றிய முதலூர் தொடங்கி நெல்லைச் சீமையில் இத்தகைய கிறிஸ்தவ ஊர்கள் பல எழுந்தன. மதம் மாறியதற்காகத் துரத்தப்பட்டவர்களுக்கு அவை புகலிடமாயின. எனினும் பெரும்பாலும் ஒரே சாதியினரின் புகலிடங்களாகவே அவை நிலைத்துவிட்டன. சேர்ந்து வாழ்வது வேறு, சாதி கடந்து சேர்ந்து வாழ்வது வேறு.

ஏமியின் வீடு இங்கேதான் விலகி நிற்கிறது. கோயில்களிலிருந்தும், விற்பனைக்கு இருந்த இடங்களிலிருந்தும் குழந்தைகள் வரத் தொடங்கினர். 1904இல் பதினேழு பேர். 1913இல் ஏறத்தாழ 130 பேர். பச்சிளம் குழந்தைகளைக் குளிப்பாட்ட, மலம் கழுவ, இரவெல்லாம் மடியில் வைத்திருக்க ஆட்கள் வேண்டும். கிறிஸ்தவக் குடும்பப் பெண்கள் இப்பணிக்கு வர மறுத்தனர். பைபிள் வாசித்துக் காட்டும் ஊழியம் கௌரவமானது. பிறர் வீட்டுக் குழந்தையின் துணி அலசுவது கீழான வேலை. எந்தச் சாதிக் குழந்தையோ என்ற தயக்கமும் இதில் கலந்திருந்தது என்பதை ஊகிக்கப் பெரும் ஆராய்ச்சி தேவையில்லை. பொன்னம்மாளும் ஏமியும் அந்த வேலையைத் தாமே ஏற்றனர். ஊர்வழி நற்செய்திப் பயணங்கள் நின்றுபோயின. படித்த மிஷனரி ஒருவர் ஆயாவாகக் காலம் கழிப்பதா என்று சக மிஷனரிகளே கேட்டனர். சீடர்களின் கால்களைக் கழுவ இடுப்பில் துண்டு கட்டிக்கொண்ட இயேசுவின் செயலே அவருக்கு விடையாக இருந்தது. விசுவாசத்தைப் பகிர்வது இனி பிரசங்க மேடையில் அன்று, குளியல் தொட்டியருகில் என்று அவர் முடிவு செய்தார்.

இம்முடிவை வெறும் பக்திச் செயலாகக் கொள்ள என்னால் இயலவில்லை. சாதி என்பது நம்பிக்கை மட்டுமன்று. உழைப்பைப் பிறப்பின்படி பங்கிடும் ஏற்பாடு. இழிவெனப்பட்ட உழைப்பைப் பொதுவாக்காத எந்தச் சமத்துவமும் பாடலாகவும் ஜெபமாகவும் மட்டுமே எஞ்சும். டோனாவூர் கை வைத்தது அந்த ஏற்பாட்டின் மீது. அங்கே சாதி பார்த்துப் பந்தி பிரிக்கப்படவில்லை. குழந்தைகளுக்குப் புதுப் பெயர்கள் இடப்பட்டன. பிறந்த நாளைவிட, அவர்கள் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளே கொண்டாடப்பட்டது. எந்த வயிற்றில் பிறந்தாய் என்ற கேள்வியை அடிப்படையாகக் கொண்ட சமூகத்தில், எப்போது எங்களிடம் வந்தாய் என்று கேட்கும் வீடு சிறிய மாற்றமன்று.

ஐரோப்பியப் பெண்களும் சேலையே உடுத்தினர். எவருக்கும் சம்பளமில்லை. நன்கொடை கேட்டு விண்ணப்பிப்பதும் இல்லை; வந்ததைக் கொண்டு நடத்தினர். 1916இல், திருமணம் செய்துகொள்ளாமல் இப்பணிக்கே தம்மை ஒப்புக்கொடுத்த ஏழு தமிழ்ப் பெண்களோடு பொதுவாழ்வின் சகோதரிகள் என்ற குழுவை ஏமி தொடங்கினார். பதினான்காம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் டெவென்டர் நகரில் கெர்ட் குரூட் தோற்றுவித்த இயக்கத்திலிருந்து அப்பெயர் பெறப்பட்டது. பூசையும் துணி துவைப்பதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன. பொன்னம்மாள் இதைக் காணவில்லை. புற்றுநோயால் 1915இல் மறைந்திருந்தார்.

சட்டம் பயின்றவன் என்ற முறையில் முத்தம்மாள் வழக்கு என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. டோனாவூரில் அடைக்கலம் புகுந்த அச்சிறுமியைத் தாய் உரிமை கோரினார். 1911 மார்ச்சில் தீர்ப்பு ஏமிக்கு எதிராக அமைந்தது; குறித்த நாளுக்குள் சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன்பே சிறுமி மறைந்துவிட்டாள். மாறுவேடத்தில் இலங்கைக்கும், அங்கிருந்து கடல் கடந்து தென்சீனாவுக்கும் அவள் கொண்டுசெல்லப்பட்டிருந்தாள். நீதிமன்ற ஆணையை மீறுவதை என்னால் எளிதாகப் புகழ இயலாது. அதே வழியைச் சாதி ஆதிக்கவாதிகளும் தம் பெண்களைக் கடத்திச் செல்லப் பயன்படுத்துவதை அன்றாடம் காண்கிறேன். ஆனால், அறிவுபூர்வமாக விருப்பம் தெரிவிக்கும் வயதுடைய சிறாரின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் 17ஆம் பிரிவிலேயே இடமளித்திருந்தது என்பதையும் மறக்க இயலாது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் தனிச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அதற்காகப் போராட வேண்டியிருந்தது. டோனாவூர் தன் வாசலுக்கு வந்த குழந்தையைக் காத்தது. சட்டத்தை மாற்றும் பணியை மற்றவர்கள் செய்தனர்.

இங்கேதான் அப்பொதுவாழ்வின் எல்லைகளும் தெரிகின்றன. பெண்களுள் ஐரோப்பியர் பெரும்பாலும் சித்திகள், தமிழ்ப் பெண்கள் அக்காள்கள், ஆண்கள் அண்ணாச்சிகள், ஏமி ஒருவரே அம்மா. உறவுமுறை இனிமையானதுதான். ஆனால் சித்தி தாயின் தலைமுறை. அக்காள் நம் தலைமுறை. சாதிப் படிநிலையை உடைத்த வீட்டுக்குள் இன்னொரு படி சத்தமின்றி நுழைந்திருந்தது. இறுதி முடிவு என்றும் அம்மாவிடமே இருந்தது. பின்னாளில் திருநெல்வேலிப் பேராயரான ஸ்டீபன் நீல் 1924இல் இளைஞராக அங்கு வந்து, மறு ஆண்டிலேயே கருத்து வேறுபாட்டால் விலகினார். 1925இல் டோனாவூர் தன்னை அனுப்பிய மிஷன் சங்கத்திலிருந்தும் பிரிந்து தனி ஐக்கியமாயிற்று. சுற்றியிருந்த சபைகளின் சாதியோடு அன்றாடம் மல்லுக்கட்ட வேண்டிய கட்டாயம் இதனால் குறைந்தது என்றே கருதுகிறேன். மதிலுக்கு உள்ளே ஒரே பந்தி; வெளியே பழைய பந்திகள் அப்படியே தொடர்ந்தன.

இதற்கு அவர் உண்மையை மறைத்தார் என்பது பொருளன்று. சாதியின் இறுக்கத்தையும் மிஷன் பணியின் தோல்விகளையும் அலங்காரமின்றி எழுதியதால் அவருடைய நூல் ஒன்றின் கையெழுத்துப்படி முதலில் திருப்பியனுப்பப்பட்டது. 1903இல் அது வெளிவந்தபோது, அவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்று இந்தியாவிலிருந்த மிஷனரிகள் சிலர் விரும்பினர்.

தமிழகத்தில் கிறிஸ்தவப் பொதுவாழ்வு வேறு வடிவங்களும் எடுத்தது. 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் ஜேசுதாசனும் எர்னஸ்ட் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். 1950இல் குளித்தலை அருகே மோன்ஷனானும் ல சோவும் சாந்திவனத்தைத் தொடங்கிக் காவி உடுத்தினர். இந்தியமயமாதல் என்ற பெயரில் எந்த இந்தியாவைத் தேர்ந்தெடுத்தனர் என்று தலித் இறையியலாளர்கள் பின்னர் எழுப்பிய வினா சாந்திவனத்துக்குப் பொருந்தும். துறவியின் காவியும் சமஸ்கிருத மந்திரமும் சேரிக்கு நடுநிலையானவை அல்ல. டோனாவூர் துறவு மடத்தை நாடாமல் குடும்பத்தை நாடியது. அதனால்தான் அங்கே தொட்டிலும் துடைப்பமும் மையமாயின.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து ஏமி படுக்கையில் முடங்கினார். எஞ்சிய இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் ஒரே அறையில், எழுதியபடியே கழிந்தன. பட்டியல் சாதிகள் ஆணை 1950 ஆகஸ்டில் வெளியானது. கிறிஸ்தவர்களுக்குச் சாதி இல்லை என்று புதுதில்லி தீர்மானித்த ஐந்தே மாதங்களில், 1951 ஜனவரி 18 அன்று, சாதியை ஒரு வீட்டுக்குள் இல்லாமலாக்க அரை நூற்றாண்டு பிடித்தது என்பதை அறிந்திருந்த அப்பெண் காலமானார். அந்த ஆணைக்கு எதிராக 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு இருபது ஆண்டுகளைக் கடந்து நீண்டது. 2022 அக்டோபரில் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையமும் அமைக்கப்பட்டது.

தம் கல்லறை மீது கல் நாட்டக் கூடாது என்று ஏமி சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டியை மட்டும் வைத்து, அம்மா என்ற ஒரு சொல்லைப் பொறித்தனர். திருச்சி மேலப்புதூரில், தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரிக்க எழுப்பப்பட்ட சுவரை அகற்றக் கோரி நம் காலத்தில் போராட்டமும் வழக்கும் நடந்தன.