கரும்புக்குப் புதுவாழ்வு தந்தவர்

தைத்திங்கள் பிறந்ததும், மதுரையை அடுத்த வண்டியூர்த் தெருக்களிலே கரும்புக் கட்டுகள் வந்து குவியும். பொங்கற் பானையின் இருமருங்கும் கரும்பை நிறுத்தி வழிபடுதல் தமிழர் மரபு. கரும்பைத் தமிழகத்திற்குக் கொணர்ந்தவர் அதியமானின் முன்னோர் எனச் சங்கச் செய்யுள் கூறுகின்றது. இத்தகைய பழம்பெருமை வாய்ந்த கரும்பிலே புதுவகைகளைப் படைத்து, நாட்டின் சர்க்கரைத் தொழிலுக்கு உயிரூட்டினார் தமிழர் ஒருவர். அவரே சர் டி. எஸ். வேங்கடராமன் ஆவார்.

வேங்கடராமன் 1884-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். பயிர்களின் இயல்பை ஆராயும் நூலில் வல்லவரானார். அக்காலத்தில் இந்தியாவில் கரும்பு பரந்த நிலத்தில் பயிராயிற்று. எனினும், வெண்சர்க்கரை சாவகத் தீவிலிருந்து கப்பல்களில் வந்திறங்கியது. இதற்குக் காரணம் யாது? வடநாட்டிலே பயிராகிய மெல்லிய கரும்பு, குளிரையும் வறட்சியையும் தாங்கும். ஆயினும் அதன் விளைவு குறைவு. தென்னாட்டுப் பருங்கரும்பு சாறு மிக்கது. ஆனால் வடநாட்டுப் பனிக்கு ஆற்றாது கெடும்.

இக்குறையைப் போக்கும்பொருட்டு, 1912-இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பெற்றது. வடநாட்டில் கரும்பு பூத்து விதை கொள்ளுதல் அரிது. கோவையிலோ அது நன்கு பூக்கும். ஆதலின் அவ்வூர் இப்பணிக்கு ஏற்றதாயிற்று. பார்பர் என்னும் ஆங்கில அறிஞர் அந்நிலையத்திற்குத் தலைமை தாங்கினார். அவருக்குத் துணையாய் அமர்ந்த வேங்கடராமன், பின்னர் அவரது பொறுப்பினை ஏற்றார்.

ஆற்றோரங்களில் தானே முளைத்துக் கிடக்கும் நாணலும் கரும்பின் சுற்றத்தைச் சேர்ந்ததே. அது வெயிலுக்கும் குளிருக்கும் அஞ்சாதது. அறிஞர் இருவரும் 'வெள்ளை' என்னும் பருங்கரும்பைத் தாயாகவும், நாணலைத் தந்தையாகவும் கொண்டு புதிய இனம் காண முற்பட்டனர். இனிமையற்ற புல்லோடு கலந்தால் கரும்பின் இனிமையே கெட்டுவிடுமோ என்று ஐயுறுதற்கு இடமிருந்தது. அன்றியும், கலப்பு விதையில் முளைக்கும் நாற்றுகளுள் ஒன்றுபோல் மற்றொன்று இராது. ஒவ்வொன்றையும் தனித்தனியே வளர்த்து, சாற்றின் இனிமையை அளந்து, அல்லன களைந்து நல்லன கொள்ளுதல் வேண்டும். நல்லது ஒன்று கிட்டிவிட்டாலோ, அதன் கரணைகளை நறுக்கி நட்டு, இயல்பு மாறாமற் பெருக்கலாம்.

பொறுமையுடன் செய்த முயற்சி வீண்போகவில்லை. 1918-இல் 'கோ 205' என்னும் புதுக்கரும்பு வெளிவந்தது. 'கோ' என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். அது பஞ்சாபில் நாட்டுக் கரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விளைந்தது. வேங்கடராமன் அம்மட்டில் அமைதி கொள்ளவில்லை. வடநாட்டு மெல்லிய கரும்பையும் சேர்த்து மூவினக் கலப்பாகப் பல வகைகளை உருவாக்கினார். பின்னர்த் தோன்றிய 'கோ 419' தென்னாட்டு உழவர்க்குப் பெரும்பயன் அளித்தது.

1932-இல் சர்க்கரைத் தொழிலுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் இயற்றப்பெற்றது. ஆலைகள் பல எழுந்தன. அவற்றிற்கு வேண்டிய கரும்பைக் கோவை வகைகள் நல்கின. அயல்நாட்டுச் சர்க்கரையின் வரவு சில ஆண்டுகளில் பெரிதும் அருகியது. 'கோ 281', 'கோ 290' ஆகியவை அமெரிக்காவின் லூசியானாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் பயிராகிக் கோவையின் புகழைக் கடல் கடந்து பரப்பின.

ஆங்கில அரசு அவருக்குச் 'சர்' பட்டம் வழங்கியது. விடுதலை பெற்ற இந்தியா 1956-இல் 'பத்மபூஷண்' விருதளித்துப் பெருமைப்படுத்தியது. 1963-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

யாரும் பொருட்படுத்தாத நாணலிலும் ஒரு நற்பண்பு உண்டு என்று கண்டார் வேங்கடராமன். அதனைக் கரும்போடு சேர்த்து உழவர்க்கு வாழ்வளித்தார். எளியதென்று எதனையும் இகழாது ஆராய்தலே அறிவு என்பதற்கு அவரது வாழ்க்கை தக்க சான்றாகும்.