லூயிசா மே ஆல்காட்டு

சிறுவர்க்கென எழுதப்பெற்ற பழைய ஆங்கிலக் கதைகளை எடுத்து நோக்கின், அவற்றில் வரும் பெண்பிள்ளைகள் பெரும்பாலும் இருவகையினராய் இருப்பர். ஒருத்தி குற்றமே அறியாதவள். மற்றொருத்தி குற்றமே உருவானவள். முன்னவள் இறுதியில் பரிசு பெறுவாள், பின்னவள் ஒறுக்கப்படுவாள். நாம் வீட்டிலும் தெருவிலும் காணும் பெண்பிள்ளைகளோ இவ்விருவருக்கும் இடையே நிற்பவர்கள். உடன்பிறந்தாளோடு காலையிற் பூசலிட்டு, மாலையில் அவளுக்காகவே கண்ணீர் வடிப்பவர்கள். அத்தகைய பெண்களை உள்ளவாறே கதையில் நடமாட விட்டு, பல நாட்டு இளம்பெண்களும் அவர்களைத் தம் தோழியராகக் கொள்ளும்படி செய்தவர் லூயிசா மே ஆல்காட்டு என்னும் அமெரிக்க அம்மையார். சென்னை அடையாற்றில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி கண்ட கர்னல் ஆல்காட்டும் அமெரிக்கரே. இருவரும் பிறந்தது 1832ஆம் ஆண்டே. ஆயினும் அவர் வேறு, இவர் வேறு. பெயரொற்றுமை கண்டு மயங்கற்க.

பென்சில்வேனியா மாநிலத்து ஜெர்மன்டவுன் என்னும் ஊரில், 1832ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29ஆம் நாள் லூயிசா பிறந்தார். தந்தையார் பிரான்சன் ஆல்காட்டு. தாயார் அபிகெயில் மே. தந்தையாருக்கும் மகளுக்கும் பிறந்த நாள் ஒன்றே. மூத்தவர் அன்னா, லூயிசா இரண்டாமவர், அவருக்குப்பின் எலிசபெத்து, மே எனத் தங்கையர் இருவர்.

தந்தையார் ஆசிரியர், சிந்தனையாளர். பிள்ளைகளைப் பிரம்பால் அடித்துப் பாடம் புகட்டுதல் கூடாது, வினாக்கள் எழுப்பி அவர்தம் உள்ளத்திலிருந்தே அறிவை வெளிப்படுத்தல் வேண்டும் என்று அக்காலத்திலேயே கருதியவர். பாஸ்டன் நகரில் 1834இல் அவர் தொடங்கிய பள்ளி முதலில் புகழ் பெற்றது. பின்னர் அவருடைய கருத்துகளை ஏலாத பெற்றோர் ஒவ்வொருவராய் விலகினர். கறுப்பினச் சிறுமி ஒருத்தியைப் பள்ளியிற் சேர்த்துக்கொண்டபோது, எஞ்சியிருந்தோரும் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். அச்சிறுமியை நீக்க அவர் உடன்படவில்லை. 1839இல் பள்ளி மூடப்பட்டது. கொள்கையில் உறுதி படைத்த அப்பெரியாருக்குப் பொருளீட்டும் திறம் மட்டும் இறுதிவரை வாய்க்கவில்லை. அதனால் விளைந்த சுமை யார் தோள்மேல் விழுந்தது என்பதே லூயிசாவின் வாழ்க்கை வரலாறு.

1843ஆம் ஆண்டு கோடையில் ஆல்காட்டு நண்பர் சிலரோடு சேர்ந்து, கனிநிலம் எனப் பொருள்படும் ஃப்ரூட்லண்ட்ஸ் என்னும் பண்ணையிற் குடியேறினார். அங்கு வாழ்வோர் ஊன் உண்ணலாகாது, பாலும் பருகலாகாது, அடிமைகளின் உழைப்பால் விளைந்த பருத்தியாடையும் ஆட்டிற்குரிய கம்பளியும் உடுத்தலாகாது. நோக்கம் உயர்ந்ததே. ஆனால் உழவுத்தொழில் அறிந்தார் அவருள் மிகச் சிலர். அறுத்த வாற்கோதுமை களத்திற் கிடக்க, ஆடவர் வேற்றூர் சென்றிருந்த நேரத்தில் புயல்மழை திரண்டு வந்தது. தாயாரும் சிறுமியரும் கூடைகளிலும் படுக்கை விரிப்புகளிலும் கதிர்களை அள்ளிக் காத்தனர். குளிர்காலம் வந்ததும் கருத்து வேற்றுமைகள் மிகுந்தன. குடும்பமே பிரிந்துவிடுமோ என்னும் நிலை உண்டாயிற்று. டிசம்பர்த் திங்களில் ஒருநாள் மாலை, பெற்றோர் மூத்த பெண்மக்கள் இருவரையும் அமர்த்தி அதுபற்றி உரையாடினர். அன்றிரவு அன்னாவும் லூயிசாவும் படுக்கையில் அழுதனர். தாங்கள் அனைவரும் ஒன்றாகவே இருக்க அருள் செய்யுமாறு இறைவனை வேண்டியதாகப் பதினொரு வயது லூயிசா தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். சில வாரங்களிற் பண்ணை கலைந்தது; குடும்பம் கலையவில்லை.

பின்னர்க் கான்கார்டு என்னும் சிற்றூரில், 1845 முதல் 1848 வரை அவர்கள் வாழ்ந்த காலமே லூயிசாவின் இளமையில் இனிய காலம். எமர்சன் என்னும் பேரறிஞர் அண்டை வீட்டினர். தம் நூலகத்தை அச்சிறுமிக்குத் திறந்துவிட்டார். காந்தியடிகளின் உள்ளத்தைப் பிற்காலத்தில் ஈர்த்த தோரோ, சிறுவர் சிறுமியரைக் காட்டிற்கு அழைத்துச் சென்று பறவைகளையும் பூக்களையும் காட்டுவார். அடிமைத்தளையிலிருந்து தப்பியோடி வந்த ஒருவருக்கு அவ்வீட்டில் அடைக்கலம் அளித்ததும் உண்டு. சகோதரியர் நால்வரும் நாடகம் எழுதி வீட்டிலேயே நடித்தனர். தீயவனாகவும் வீரனாகவும் ஆண் வேடம் புனைந்து, நீண்ட தோற்காலணி பூண்டு முழங்குவதில் லூயிசாவிற்குப் பெருவிருப்பம். நால்வரும் ஒரு கழகம் அமைத்துக் கையெழுத்து இதழும் நடத்தினர். ஓட்டத்தில் சிறுவர்களை வெல்வதும், மரமேறுவதும், சினம் வந்தால் அடக்கமாட்டாமல் வெடிப்பதும், பின்னர் அதற்காகத் தாயாரிடம் சென்று வருந்துவதும் அக்கால லூயிசாவின் இயல்புகள்.

அவ்வின்பம் நீடிக்கவில்லை. வறுமை அவர்களைப் பாஸ்டனுக்குத் துரத்தியது. தாயார் ஏழைகளுக்கு உதவும் பணியில் ஊதியத்திற்கு அமர்ந்தார். அன்னாவும் லூயிசாவும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லினர். லூயிசா துணி தைத்தார். 1851இல் அவர் ஒரு வீட்டிற் பணிப்பெண்ணாகவும் சென்றார். பனியை வாரி, விறகைப் பிளந்து, காலணிக்கு மெருகிட்டு ஏழு வாரம் உழைத்ததற்குக் கிடைத்தவை நான்கே டாலர்! குடும்பத்தார் அத்தொகையைச் சினத்தோடு திருப்பி அனுப்பிவிட்டனர்.

1854ஆம் ஆண்டு பிப்ரவரியில், மேற்கு மாநிலங்களிற் சொற்பொழிவாற்றச் சென்றிருந்த தந்தையார் நள்ளிரவில் வீடு திரும்பினார். மேலங்கி களவு போயிருந்தது. உடல் குளிரால் நடுங்கியது. எல்லாரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டு, அவர்க்கு உணவும் வெம்மையும் அளித்தனர். யாவர் நெஞ்சிலும் இருந்த வினாவைக் கடைக்குட்டி மே கேட்டுவிட்டாள்: சொற்பொழிவிற்குப் பொருள் கிடைத்ததா என்று. தந்தையார் பணப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரே ஒரு டாலர் இருந்தது. தாயார் கணவரை அணைத்து, அதுவே சாலும் எனத் தேற்றினார். இக்காட்சியை லூயிசா மறக்கவில்லை. இக்குடும்பத்தை யான் தாங்குவேன் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் அந்நாளிலேயே வேரூன்றியிருந்தது.

அவ்வாண்டு இறுதியில் அவருடைய முதல் நூலாகிய பூங்கதைத் தொகுதி வெளிவந்தது. வருவாய் முப்பத்திரண்டு டாலர். பெயர் பெற்ற பதிப்பாளர் ஒருவர் அவர் எழுத்தைப் படித்துவிட்டு, எழுத்து வாராது, ஆசிரியப் பணியையே பற்றிக்கொள்ளும் என அறிவுரை கூறினார். பின்னர்ப் பள்ளி நடத்துவதற்கு நாற்பது டாலர் கடனும் தந்தார். பல ஆண்டு கழித்து, எழுத்தால் வந்த செல்வத்திலிருந்தே அக்கடனை லூயிசா திருப்பித் தந்தார்.

1856இல், தாயார் உதவிவந்த ஏழைக் குடும்பம் ஒன்றிலிருந்து, உடலெங்கும் செம்புள்ளி தோன்றும் கொடிய காய்ச்சல் எலிசபெத்தைப் பற்றியது. உயிர் தப்பிய அவர் உடல் தேறாமல் மெலிந்து, 1858 மார்ச்சுத் திங்களில், இருபத்திரண்டாம் வயதில், தாயும் தமக்கையும் அருகிருக்க மறைந்தார். சில திங்கள் கழித்துக் குடும்பம் கான்கார்டில் ஆர்ச்சர்டு ஹவுஸ் என்னும் பழைய வீட்டிற் குடிபுகுந்தது. இரண்டாண்டில் அன்னா மணம் புரிந்து தனிக்குடித்தனம் சென்றார். ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட சகோதரியர் நால்வருள் இருவரே வீட்டில் எஞ்சினர்.

இதனிடையே அடிமை முறை காரணமாக அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. முப்பது வயது நிரம்பியதும் லூயிசா செவிலியாகப் பெயர் கொடுத்தார். 1862 டிசம்பரில், தலைநகர் வாஷிங்டனை அடுத்த ஜார்ஜ்டவுனில், விடுதி ஒன்றை மாற்றியமைத்த மருத்துவமனையிற் பணியேற்றார். சின்னாட்களில் பிரடரிக்ஸ்பர்க் போர்க்களத்திலிருந்து புண்பட்ட வீரர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கினர். அவர்களைக் கழுவி, உணவூட்டி, கடிதம் எழுதித் தந்து, இறக்கும் தறுவாயில் கைபற்றி அமர்ந்திருந்தார். ஆறு வாரத்திற்குள் நச்சுக்காய்ச்சல் கண்டு தாமே படுக்கையில் வீழ்ந்தார். தந்தையார் வந்து அழைத்துச் சென்றார். அங்கு அளித்த பாதரச மருந்தே தம் உடலைக் கெடுத்ததென அவர் வாழ்நாள் முழுதும் நம்பினார். வேறொரு நோயும் இருந்திருக்கலாம் என்பது இக்கால மருத்துவர் சிலர் கருத்து. அதன்பின் அவர் முழுநலம் பெற்றதில்லை. மருத்துவமனைக் கடிதங்களைத் தொகுத்து 1863இல் வெளியிட்ட நூல் அவர்க்கு நற்பெயர் தந்தது. பொருளுக்காகப் புனைபெயரில் மறைந்து நின்று திடுக்கிடும் கதைகளும் பல எழுதினார். அவை அவருடையவை என்பது 1940களிலேதான் வெளியாயிற்று.

1867இல் பாஸ்டன் பதிப்பாளர் தாமஸ் நைல்ஸ் என்பவர், பெண்பிள்ளைகளுக்கென ஒரு கதை எழுதித் தருமாறு கேட்டார். லூயிசாவிற்கு அதில் விருப்பமே இல்லை. ஆண்பிள்ளைபோல் ஓடியாடி வளர்ந்த தமக்குத் தம் சகோதரியரைத் தவிரப் பிற பெண்களைத் தெரியாதே என்று தயங்கினார். பொருள் தேவை, தந்தையாரின் நூல் ஒன்றும் அதே பதிப்பகத்தாரிடம் இருந்தது. 1868ஆம் ஆண்டு மே திங்களில் எழுத அமர்ந்தார். தெரிந்தவர் சகோதரியரே ஆயின், அவர்களையே எழுதுவது என்று துணிந்தார். முதற் பன்னிரண்டு அதிகாரங்களைப் படித்த நைல்ஸ் சுவை குன்றியதென எண்ணினார். எழுதியவர் எண்ணமும் அதுவே. நைல்ஸ் அவற்றைத் தம் உடன்பிறந்தார் மகளிடம் தந்து பார்த்தார். அப்பெண்ணுக்கோ நூலைக் கீழே வைக்க மனமில்லை! சூலை நடுவில் நூல் முடிந்தது. சின்னஞ்சிறு பெண்டிர் எனப் பொருள்படும் லிட்டில் விமன் என்னும் அந்நூல் அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் வெளிவர, முதலில் அச்சிட்ட இரண்டாயிரம் படிகளும் விரைவில் விற்றுத் தீர்ந்தன.

கதையில் மெக், ஜோ, பெத், ஆமி என நான்கு சகோதரியர். மெக் அன்னா, பெத் எலிசபெத்து, ஆமி மே, மையோடிந்த விரல்களோடு பரணில் அமர்ந்து கதை எழுதும் முன்கோபியாகிய ஜோ, லூயிசாவே. நாடகத்திற்குத் தன்னை அழைத்துச் செல்லாத சினத்தால், ஜோ பல ஆண்டு எழுதிவைத்த கைப்படியை ஆமி தீயிலிடுகிறாள். ஜோ மன்னிக்க மறுக்கிறாள். மறுநாள் உறைபனி உடைந்து ஆமி நீரில் ஆழ்கிறாள். அயல்வீட்டு லாரியோடு சேர்ந்து அவளைக் கரையேற்றிய பின், தன் சினமே தங்கையைக் கொன்றிருக்குமே என ஜோ நடுங்குகிறாள். குற்றம் செய்தவள் ஒருத்தி, குற்றமற்றவள் ஒருத்தி என்று இங்கே பிரித்துக் காட்ட இயலுமா? இவ்விருவரும் உண்மையானவர்கள் என்பதை அந்நாளைய சிறுமியர் கண்டுகொண்டனர்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கதையின் வீடு ஆர்ச்சர்டு ஹவுஸை ஒத்தது. எலிசபெத்து ஒருநாளும் வாழ்ந்திராத வீடு அது. நூல் எழுதப்பெற்றபோது அவர் மறைந்து பத்தாண்டு ஆகியிருந்தது; அன்னாவோ மணமாகிச் சென்றுவிட்டார். வாழ்வில் ஒன்றாய் வைத்துக்கொள்ள இயலாத நால்வரையும் லூயிசா அவ்வீட்டில் ஒன்றுசேர்த்தார். கதையில் போருக்குச் செல்பவர் தந்தை. வாழ்வில் சென்றவரோ மகள். தந்தையின் கனவுகளால் வந்த துயரங்களை அவர் நூலில் ஒரு சொல்லாலும் சுட்டவில்லை. அவரைத் தொலைவில் நிறுத்தி, அன்போடு மட்டும் நினைக்கச் செய்தார்.

ஜோ லாரியை மணப்பாளா என்று கேட்டுச் சிறுமியர் எழுதிய கடிதங்கள் குவிந்தன. ஜோ தம்மைப்போலவே மணமாகாமல் எழுத்தாளராக வாழவேண்டும் என்பது லூயிசாவின் விருப்பம். படிப்போர் விடவில்லை. ஆகவே 1869இல் வந்த இரண்டாம் பகுதியில், யாரும் எதிர்பாராத வகையில், வயது முதிர்ந்த செருமானிய ஆசிரியர் ஒருவரை ஜோவிற்கு மணாளராக்கினார். கதைப்போக்கிற்கு அம்மணம் முற்றும் பொருந்தியதாக எனக்குத் தோன்றவில்லை. ஆயினும் பெத்தின் மறைவைக் கூறும் அதிகாரம் அப்பகுதியில் இருத்தலின், அதனைக் குறைகூறவும் மனம் வரவில்லை.

நைல்ஸின் நல்லுரையால் நூலுரிமையை விற்காமல் தாமே வைத்துக்கொண்டதனால், லூயிசாவிற்குச் செல்வம் வந்தது. நாற்பதாம் வயதிற்குள் குடும்பத்தின் கடனெல்லாம், காலங்கடந்து கொடுத்தோரே கைவிட்டவை உட்பட, தீர்ந்தன. தமக்கையின் கணவர் 1870இல் இறந்த செய்தியை ரோம் நகரிற் கேட்டவுடன், கைம்பெண்ணான அன்னாவும் மைந்தர் இருவரும் தளராதிருக்க வேண்டி, லிட்டில் மென் என்னும் அடுத்த நூலைத் தொடங்கினார். வலக்கை சோர்ந்தால் இடக்கையால் எழுதவும் பழகியிருந்தார். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பள்ளிக்குழுத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்டிர்க்கு 1879இல் கிடைத்தபோது, கான்கார்டில் முதலிற் பெயர் பதிந்த பெண்மணியும் இவரே.

ஓவியம் பயிலத் தங்கை மேயை ஐரோப்பாவிற்கு அனுப்பியதும் அவர் எழுத்தே. மேயின் ஓவியம் 1877இல் பாரிசு நகரத்துப் பெருங்காட்சியில் இடம்பெற்றது. ஐரோப்பாவிலேயே மணம் புரிந்த மே, 1879 நவம்பரில் ஒரு பெண்மகவை ஈன்று, ஏழு வாரத்தில் உயிர் நீத்தார். குழந்தைக்குத் தமக்கையின் பெயரையே இட்டு, அவரிடமே வளர்க்குமாறு விட்டுச் சென்றிருந்தார். மறுஆண்டு கடல் கடந்து வந்த லூலு என்னும் அச்சிறுமிக்குத் தாயாகி, லூயிசா கதைகள் சொல்லி வளர்த்தார்.

நோய் முற்றியது. 1888 மார்ச்சு முதல் நாளில், படுக்கையில் கிடந்த தந்தையாரைச் சென்று கண்டு மீண்டார். மார்ச்சு 4ஆம் நாள் தந்தையார் இறந்தார். அச்செய்தியை அறியாமலே, 6ஆம் நாள், ஐம்பத்தைந்தாம் வயதில் லூயிசாவும் மறைந்தார். கான்கார்டு இடுகாட்டுக் குன்றில், பெற்றோரும் எலிசபெத்தும் கிடக்குமிடத்தில் அவரை அடக்கம் செய்தனர். எமர்சனும் தோரோவும் துயில்வது அதற்கு அண்மையிலேயே. எட்டு வயது லூலு பின்னர் ஐரோப்பாவிலிருந்த தன் தந்தையிடம் சேர்ந்தாள். ஆர்ச்சர்டு ஹவுஸ் 1912 முதல் காட்சியகமாக விளங்குகிறது. லூயிசா எழுதுவதற்கென்று தந்தையார் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்த அரைவட்டப் பலகை, மாடியறையின் இரு பலகணிகளுக்கு நடுவே இன்றும் அங்கு உள்ளது.