விழுந்தும் எழுந்த சாக்ஸ்!

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் கல்யாண ஊர்வலம் போனால் பேண்டு வாத்தியம் தெருவையே அதிர வைக்கும். பளபளக்கும் பித்தளைக் குழாய்களைக் கன்னம் உப்ப ஊதிக்கொண்டு வருவார்களே, பார்த்திருப்பீர்கள். பேண்டு வாத்தியத்தின் வரலாற்றையே மாற்றியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் அடால்ப் சாக்ஸ்.

1814 நவம்பர் 6ல், இன்றைய பெல்ஜியம் நாட்டில் உள்ள டினான் என்ற ஊரில் பிறந்தார். அப்பா வாத்தியக் கருவிகள் செய்பவர்.

சிறுவயதில் சாக்ஸுக்கு ஆபத்துக்கு மேல் ஆபத்து. மாடியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டது. ஊசியை விழுங்கினான். வெடிமருந்து வெடித்து உடல் வெந்தது. ஆற்றில் விழுந்து உயிர் தப்பினான். இவன் பிழைப்பானா என்று ஊரே பேசியதாம். ஆனால், ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து அப்பாவின் பட்டறையில் நின்றான்!

24 வயதிலேயே பேஸ் கிளாரினெட் என்ற கருவியை மேம்படுத்தி, காப்புரிமை பெற்றார் சாக்ஸ். 1841ல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரு கண்காட்சி. தங்கப் பதக்கம் கிடைக்க வேண்டிய அவருக்கு, வயது போதாது என்று சொல்லி வேறு பதக்கம் கொடுத்தனர். அதை வாங்க மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு கையில் அதிகப் பணம் இல்லாமலே பாரிஸ் நகருக்குப் போனார்.

அப்போது பிரெஞ்சு ராணுவ பேண்டில் ஒரு சிக்கல். ஓபோ, பசூன் போன்ற மரக் கருவிகளின் ஓசை திறந்தவெளியில் எடுபடவில்லை. அதற்கு சாக்ஸ் ஒரு வழி கண்டார். சிறியது முதல் பெரியது வரை ஒரே மாதிரி வடிவத்தில், விரலால் அழுத்தும் வால்வுகளுடன் பித்தளைக் கருவிகளைச் செய்தார். ஒரே குடும்பம் போல இருந்ததால் அவற்றின் ஓசை அழகாகக் கலந்தது. சாக்ஸ் ஹார்ன் என்று பெயர் வந்தது.

மற்ற கருவித் தயாரிப்பாளர்களுக்கோ பொறாமை. எது சிறந்தது? போட்டி வைத்தே பார்த்துவிடலாம் என்று முடிவானது.

1845 ஏப்ரல் 22. பாரிஸ் நகரின் ஷாம்ப் தெ மார்ஸ் மைதானம். சுமார் 20 ஆயிரம் பேர் கூடிவிட்டனர். பழைய முறைக் குழுவில் 45 பேர். சாக்ஸ் குழுவில் 38 பேர்தான். தோற்றால், அவர் உழைப்பெல்லாம் வீண்! இரு குழுக்களும் மாறி மாறி வாசித்தன. சாக்ஸ் குழுவின் முழக்கம் மைதானத்தின் கடைசி வரை கேட்டது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அதே ஆண்டு ராணுவம் அவரது கருவிகளை ஏற்றுக்கொண்டது.

1846ல் தன் இன்னொரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் சாக்ஸபோன்! பித்தளையில் செய்தாலும், கிளாரினெட் போல நாணல் சீவலை வைத்து ஊத வேண்டும்.

வென்ற பிறகும் நிம்மதி இல்லை. போட்டியாளர்கள் வழக்கு மேல் வழக்குப் போட்டனர். மூன்று முறை திவாலானார். உதட்டில் கட்டி வந்து, அதிலிருந்தும் மீண்டார். 1894 பிப்ரவரி 7ல், வறுமையில் காலமானார்.

ஆனால், அவரது கருவிகள் தோற்கவில்லை. 1853ல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் நடந்த பித்தளை பேண்டு போட்டியில் முதல் பரிசு வென்ற மோஸ்லி ஊர்க் குழுவின் பெயரிலேயே 'சாக்ஸ் ஹார்ன்' இருந்தது! இன்றும் பிரிட்டனின் தேசிய பேண்டு சாம்பியன்ஷிப்பில் அந்தக் குடும்பக் கருவிகள் ஒலிக்கின்றன.

நம் நாட்டிலும்தான்! மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கிய சிறுவன், பின்னாளில் அதில் கர்நாடக இசையே வாசித்தார். அவர்தான் கத்ரி கோபால்நாத். 1994ல் வந்த 'டூயட்' படத்தில் ஒலிப்பது அவரது சாக்ஸபோன்தான்.

அடுத்த முறை உங்கள் தெருவில் பேண்டு முழங்கினால், விழுந்து விழுந்து எழுந்த அந்த டினான் ஊர்ச் சிறுவனை நினைத்துக்கொள்ளுங்கள்!