ஊதியமில்லாத ஒரு நியமனம்

அல்சைமர் என்ற சொல்லை அறியாத குடும்பம் இன்று அநேகமாக இல்லை. முதியவர் ஒருவர் சாவியை வைத்த இடத்தை மறந்தாலே அச்சொல் நம் நாவில் வந்துவிடுகிறது. அப்பெயருக்கு உரிய ஜெர்மன் மருத்துவர் ஆலோய்ஸ் அல்சைமர், அந்த ஆய்வைச் செய்வதற்கு எப்படிப் பணியமர்த்தப்பட்டார் என்பது அந்த அளவுக்கு அறியப்படாத செய்தி. பல்கலைக்கழகங்களில் ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருப்போர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியும்கூட.

பவேரியாவின் மார்க்பிரைட் என்ற சிற்றூரில் 1864-ஆம் ஆண்டு ஜூன் 14 அன்று ஓர் அரசு நோட்டரியின் மகனாகப் பிறந்தவர் அல்சைமர். பெர்லின், வூர்ஸ்பர்க், டூபிங்கன் ஆகிய இடங்களில் மருத்துவம் பயின்றார். 1887-இல் முனைவர் பட்டத்துக்காக அவர் ஆராய்ந்தது மூளையை அல்ல, காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளை! நுண்ணோக்கியில் கண் பதித்து மணிக்கணக்கில் அமர்ந்திருக்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

மறு ஆண்டே பிராங்க்ஃபர்ட் நகராட்சியின் மனநல மருத்துவமனையில் உதவி மருத்துவராகச் சேர்ந்தார். எமில் சியோலி அதன் இயக்குநர். 1889-இல் பிரான்ஸ் நிசில் அங்கே வந்து சேர்ந்தார். நரம்பணுக்களைச் சாயமேற்றித் தெளிவாகக் காணும் முறையை மாணவப் பருவத்திலேயே கண்டறிந்தவர் அவர். பகலில் நோயாளிகள், இரவில் நுண்ணோக்கி என்று இருவரும் உழைத்தனர். நிசில் 1895-இல் ஹைடெல்பெர்குக்குச் சென்ற பிறகும் அந்த நட்பு தொடர்ந்தது. பின்னாளில் அல்சைமரின் திசையை மாற்றியதில் அந்த நட்புக்கும் பங்குண்டு.

இதற்கிடையே அல்சைமர், வசதிமிக்க வணிகர் ஒருவரின் கைம்பெண்ணான சிசிலியை மணந்திருந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. 1901 பிப்ரவரியில் சிசிலி காலமானார். குழந்தைகளை வளர்க்கும் பொறுப்பை அல்சைமரின் சகோதரி ஏற்றார். மனைவி வழியாக வந்த செல்வம் அவரிடம் இருந்தது. இதை நினைவில் கொள்ள வேண்டும். ஏனெனில் பிறகு நடந்தவற்றின் பொருளாதாரம் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் அந்த மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். ரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவியான அவர் பெயர் அகஸ்டே. நினைவு தவறுவதும், கணவர் மீது காரணமற்ற ஐயமும், வீட்டிலேயே வழி தெரியாமல் அலைவதும் அவருடைய குறைகள். முதுமையில் வரும் தளர்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாத வயது. அல்சைமர் அவரிடம் எளிய கேள்விகளைக் கேட்டு, விடைகளை ஒவ்வொன்றாக எழுதி வைத்தார்.

மருத்துவமனையொன்றின் இயக்குநர் ஆகிவிட்டால் சிகிச்சையையும் ஆய்வையும் ஒருங்கே நடத்தலாம் என்பது அல்சைமரின் விருப்பம். அதற்கான முயற்சிகள் பலிக்கவில்லை. நிர்வாகப் பதவிக்கான தேர்வில் ஆய்வுத்திறன் எவ்வளவு எடை பெறும் என்பதைத் தேர்வுக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் நான் ஓரளவு அறிவேன். ஒரு முறை, அனைவரினும் மேலான ஆய்வேடுகளை வைத்திருந்த விண்ணப்பதாரரை அலுவலக அனுபவம் இல்லை என்று நாங்களே திருப்பி அனுப்பினோம். அந்தத் தீர்மானத்தில் என் கையெழுத்தும் உண்டு.

அல்சைமருக்கு வாய்த்த நல்லூழ், அவரை எமில் கிரெப்லின் கவனித்ததுதான். முப்பது வயதிலேயே டோர்பாட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர் கிரெப்லின். 1891 முதல் ஹைடெல்பெர்கில் இருந்தார். மனநோய்களை அறிகுறிகளைக் கொண்டு மட்டுமன்றி, அவை ஆண்டுக்கணக்கில் செல்லும் போக்கைக் கொண்டும் வகைப்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. உடலில், குறிப்பாக மூளையில், அவற்றுக்குச் சான்று தேட வேண்டும் என்றும் அவர் கருதினார். ஆனால் நுண்ணோக்கி ஆய்வு அவருடைய துறையன்று. நோயாளியின் படுக்கையருகே பல்லாண்டுகள் நின்றவர், அதே நோயாளியின் மூளைத் திசுவையும் வாசிக்கத் தெரிந்தவர் - இத்தகையோர் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே இருந்தனர். நிசில் ஒருவர். அல்சைமர் மற்றொருவர்.

1902-இல் அழைப்பு வந்தது, அல்சைமர் ஏற்றார். 1903-இல் ஹைடெல்பெர்குக்குப் பெயர்ந்தார். அதே ஆண்டில் கிரெப்லின் மியூனிக்குக்கு மாற, அல்சைமரும் உடன் சென்றார். அவருக்கென்று ஊதியமுள்ள பணியிடம் எதுவும் அங்கே இல்லை. பதினான்கு ஆண்டு அனுபவம் பெற்று, நாற்பதை நெருங்கிய மூத்த ஆய்வாளர் சம்பளமின்றிச் சேர்ந்தார். மனைவி விட்டுச்சென்ற செல்வம் குடும்பத்தைத் தாங்கியது.

இதைத் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது எளிது. பொருளாதாரம் பயின்ற எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. அந்தப் பணியை ஏற்கும் தகுதி அறிவால் மட்டும் வந்ததன்று, கையிருப்பாலும் வந்தது. அதே திறமையுள்ள, செல்வமற்ற ஒருவர் அந்த அழைப்பை ஏற்றிருக்க முடியுமா? அத்தகையோர் எத்தனை பேர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே ஓய்வு பெற்றனரோ, கணக்கு எழுதி வைத்தவர் எவருமில்லை. கிரெப்லினின் கூரிய பார்வையை நான் மதிக்கிறேன். அந்த ஏற்பாட்டை மதிக்க இயலவில்லை.

மியூனிக்கின் புதிய மருத்துவமனை 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. பேராசிரியராவதற்கான தகுதி ஆய்வேட்டையும் அல்சைமர் அதே ஆண்டில் முடித்தார். உடற்கூற்று ஆய்வுக்கூடம் அவர் பொறுப்பில் வந்தது. இத்தாலியிலிருந்து பெருசினி, செர்லெட்டி, அமெரிக்காவிலிருந்து லைபீரியாவில் பிறந்த கறுப்பின மருத்துவர் சாலமன் கார்ட்டர் ஃபுல்லர் எனப் பலர் அங்கே பயில வந்தனர். பின்னாளில் பார்கின்சன் நோய் ஆய்வில் பெயர்பெற்ற லெவியும் அக்கூடத்தைச் சேர்ந்தவரே. மாணவர் மேசைக்கு மேசை சென்று, சுருட்டைக் கீழே வைத்துவிட்டு நுண்ணோக்கியில் குனிவார் அல்சைமர். பிறகு அதை மறந்து அடுத்த மேசைக்குச் செல்வார். மாலையில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு சுருட்டுத் துண்டு கிடக்கும் என்பர். மறதி நோய்க்குப் பெயர் தந்தவரின் மறதி இது!

1906 ஏப்ரல் 8 அன்று பிராங்க்ஃபர்ட்டில் அகஸ்டே காலமானார். சியோலி அவருடைய மூளையையும் மருத்துவக் கோப்பையும் மியூனிக்குக்கு அனுப்பி வைத்தார். பழைய ஊழியருக்கு அந்த உதவியைச் செய்யும் பெருந்தன்மை சியோலிக்கு இருந்தது. வெள்ளி உப்புச் சாயமேற்றிப் பார்த்தபோது, சுருங்கிய மூளைப் புறணியில் வினோதமான படிவுகளும், நரம்பணுக்களுக்குள் முறுக்குண்ட இழைகளும் தென்பட்டன. நவம்பர் 3 அன்று டூபிங்கன் கூட்டத்தில் அவற்றை விளக்கினார். அவையில் எவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

1910-இல் தம் பாடநூலின் எட்டாம் பதிப்பில் கிரெப்லின் இதற்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார். ஒரு சில நோயாளிகளைக் கொண்டு தனி நோய் என்று அறிவித்தது அவசரம் என்போர் உண்டு. பிராகாவில் ஆஸ்கர் பிஷர் அதே படிவுகளை 1907-லேயே பல மூளைகளில் கண்டு வெளியிட்டிருந்தார். இரு ஆய்வுக்கூடங்களின் போட்டியும் காரணம் என்று கருதுவோரும் உளர்.

1912-இல் அல்சைமர் விரும்பிய பதவி முறையான வழியிலேயே வந்தது. பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தின் மனநல, நரம்பியல் பேராசிரியர் பதவி. மருத்துவமனை இயக்குநர் பொறுப்பும் உண்டு. பெர்லின் சென்ற கார்ல் போன்ஹோஃபரின் இடம் அது. அங்கே செல்லும் ரயில் பயணத்திலேயே அவர் நோயுற்றார். தொற்று இதயத்தைப் பாதித்தது. நிர்வாகம், வகுப்பு, பின்னர் முதல் உலகப் போர் என்று சுமை கூடிக்கொண்டே போனது. 1915 டிசம்பர் 19 அன்று, ஐம்பத்தொன்றாம் வயதில் மறைந்தார். அகஸ்டே மருத்துவமனைக்கு வந்தபோது இருந்த அதே வயது. பிராங்க்ஃபர்ட்டில் சிசிலியின் அருகே அடக்கம் செய்யப்பட்டார்.

அகஸ்டேயின் கோப்பு பல்லாண்டுகள் காணாமற்போயிருந்தது. 1995-இல் பிராங்க்ஃபர்ட் மருத்துவமனையின் ஆவணக் காப்பகத்தில், நீல நிற அட்டைக்குள் அது கிடைத்தது. அல்சைமரின் கைப்பட எழுதிய குறிப்புகளோடு, தம் பெயரை எழுதத் தொடங்கி, முடிக்க முடியாமல் அகஸ்டே நிறுத்திய தாளும் அதில் இருந்தது.